பேக்கப், டீடூப், கிளவுட் அடுக்கு: கல்வெட்டும் ஒடியலும் வைத்து ஒரு விளக்கம்

யாழ்ப்பாணத்தில் ஆரியகுளம் சந்திக்குக் கிட்ட ஒரு சின்ன அச்சகம். கலியாண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், இறந்தவர் நினைவாக அந்தியேட்டிக்குக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகம், இவைதான் அங்கே வேலை. போன வருடம் அவர்களுடைய கொம்பியூட்டரைப் பார்க்கப் போனபோது முதலாளி அண்ணை எடுத்த எடுப்பிலேயே சொன்னார்: "தம்பி, பழசெல்லாம் கிளவுட்டில கிடக்கு. பயமில்லை."

திறந்து பார்த்தேன். டெஸ்க்டொப்பில் இருக்கும் ஒரு ஃபோல்டர் இணையக் கணக்கு ஒன்றோடு ஒத்தியங்குகிறது, அவ்வளவுதான். மேசையில் ஒரு 4 டெராபைட் டிஸ்க், கழுத்துவரை நிரம்பி நிற்கிறது. உள்ளே ஒரே கல்வெட்டு 'இறுதி', 'இறுதி 2', 'இதுதான் இறுதி', 'மகன் பார்த்த இறுதி' என்று நாலு தரம். அந்த நாலையும் சேர்த்து ஒவ்வொரு வெள்ளியும் புது ஃபோல்டரில் முழுக் கொப்பி வேறு.

இதற்கிடையில் ஒருவர் வந்து, "டீடூப் உள்ள பெட்டி வாங்குங்கோ, 30 மடங்கு இடம் மிச்சம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பெட்டி என்பது பேக்கப் வைக்கும் கருவி; டீடூப் என்பது திரும்பத் திரும்ப வரும் தரவை ஒருதரம் மட்டும் வைப்பது. இன்னொருவர், "கிளவுட்டில டெராபைட் மாதம் ஒரு டொலர்தான் அண்ணை" என்றிருக்கிறார். இரண்டுமே பொய்யில்லை. ஆனால் இரண்டிலும் பாதிதான் அண்ணைக்குச் சொல்லப்பட்டிருந்தது.

எதை பேக்கப் என்பது

பேக்கப் என்பது உங்கள் கோப்புகளின் பழைய ஒரு நாளைய நிலை. அசலில் இன்று நடக்கும் தவறு அதைப் போய்த் தொடக்கூடாது. அண்ணையின் ஒத்தியங்கும் ஃபோல்டர் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். இங்கே ஒரு கோப்பு கெட்டுப்போனால் கெட்ட கோப்புதான் அங்கே ஏறும். அந்தச் சேவைகளின் குப்பைத்தொட்டி சில கிழமைக்குப் பிடித்து வைத்திருக்கும்தான். ஆனால் மூன்று வருடத்துக்கு முந்திய கல்வெட்டு வேண்டுமென்று கனடாவிலிருந்து ஒரு மகள் அழைப்பு எடுத்தால் அது உதவாது.

துறையில் பழகிப்போன ஒரு கணக்கு உண்டு, 3-2-1 என்பார்கள். மூன்று பிரதி, இரண்டு வகையான ஊடகம், அதில் ஒன்று வேறு இடத்தில். அந்த 'வேறு இடம்' ஏன் என்று யாழ்ப்பாணத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1981இல் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. பிறகு அதை நிரப்ப முயன்றவர்களால், வேறெங்கோ இன்னொரு பிரதி இருந்த புத்தகத்தைத்தான் தேடிக் கொண்டுவந்து அடுக்க முடிந்தது.

கல்வெட்டின் நடுப்பக்கங்கள்

டீடூப் என்று சுருக்கிச் சொல்லப்படும் டீடூப்ளிகேஷனுக்கு வருவோம். தமிழில் இரட்டிப்பு நீக்கம் எனலாம்.

வீட்டில் கிடக்கும் இரண்டு கல்வெட்டுப் புத்தகங்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முன்னட்டை வேறு, படம் வேறு, வாழ்க்கை வரலாறு வேறு, மருமக்கள் பேரப்பிள்ளைகள் பட்டியல் வேறு. நடுவில் வரும் தேவாரம், திருவாசகம், திருப்புராணம் மட்டும் அதே பக்கங்கள். அச்சகம் நூறு கல்வெட்டு அடித்திருந்தால் அந்தப் பக்கங்கள் நூறு தரம் டிஸ்க்கில் கிடக்கும்.

இப்போது ஒரு கெட்டிக்காரக் களஞ்சியக்காரரைக் கற்பனை செய்யுங்கள். வருகிற ஒவ்வொரு புத்தகத்தையும் அவர் பக்கம் பக்கமாகப் பிரிக்கிறார். முன்பு பார்த்த பக்கமென்றால் திருப்பி வைக்காமல், 'இந்த இடத்தில் 214ஆம் தட்டில் உள்ள பக்கம் வரும்' என்று துண்டுச் சீட்டில் எழுதுகிறார். புதுப் பக்கமென்றால் மட்டும் தட்டில் வைக்கிறார். கடைசியில் நூறு புத்தகத்துக்கும் நூறு சீட்டு. தேவாரப் பக்கமோ ஒன்றே ஒன்று. யாராவது ஒரு புத்தகம் கேட்டால் சீட்டைப் பார்த்துப் பக்கங்களைக் கோர்த்து முழுப் புத்தகமாகக் கொடுத்துவிடுவார்.

கொம்பியூட்டரில் நடப்பதும் இதுதான். வருகிற தரவை மென்பொருள் சிறு துண்டுகளாக வெட்டும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கணக்குப் போட்டு நீண்ட எண் ஒன்றை எடுக்கும். அந்த எண்ணுக்கு ஹாஷ் என்று பெயர். துண்டின் கைநாட்டு என்று வைத்துக்கொள்ளலாம். துண்டில் ஒரு புள்ளி மாறினாலும் கைநாட்டு முற்றாக மாறிவிடும். பரவலாகப் பயன்படும் 256 பிட் கைநாட்டில் சாத்தியமான எண்களின் தொகை 78 இலக்கம் கொண்டது. அதனால் வேறு வேறு இரண்டு துண்டுக்குத் தற்செயலாக ஒரே கைநாட்டு வரும் என்று நித்திரை முழிக்கத் தேவையில்லை. கைநாட்டு ஏற்கெனவே பட்டியலில் இருந்தால் துண்டை வைக்காமல் சீட்டில் மட்டும் குறிக்கும். அந்தப் பட்டியலை அட்டவணை என்போம். பிறகு அது முக்கியமாகப் போகிறது.

உங்கள் ஃபோல்டரில் உள்ள 'இறுதி 2' கோப்பை இது அழிக்காது. பலர் அப்படித்தான் பயப்படுகிறார்கள். கோப்புகள் நாலும் நாலாகவே உங்களுக்குத் தெரியும். ஒன்றாவது பேக்கப் பெட்டிக்குள் இருக்கும் துண்டுகள் மட்டும்தான்.

ஸிப் செய்வதும் இதுவும் ஒன்றா என்றும் கேட்பார்கள். ஸிப் ஒரு மூட்டைக்குள் கிட்டக்கிட்ட வரும் மீள்வருகைகளை மட்டும் சுருக்கும். டீடூப், போன தையில் எடுத்த பேக்கப்பில் இருந்த துண்டையும் ஞாபகம் வைத்திருக்கும். நல்ல மென்பொருள்கள் இரண்டையும் செய்யும்: முதலில் டீடூப், பிறகு மிஞ்சிய துண்டுகளைச் சுருக்குதல்.

எங்கே வெட்டுவது?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கொஞ்சம் பொறுமையாக வாருங்கள்.

களஞ்சியக்காரர் நாலு நாலு பக்கமாக எண்ணி வெட்டுகிறார் என்று வையுங்கள். புதுக் கல்வெட்டில் அம்மாவின் வரலாறு ஒரு பக்கம் கூடிவிட்டது. அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே ஒரு பக்கம் தள்ளிப் போகும். தேவாரம் அதே தேவாரம்தான், ஆனால் ஒவ்வொரு நாலு பக்கக் கட்டிலும் பழைய ஒரு கட்டின் கடைசிப் பக்கமும் அதற்கு அடுத்த கட்டின் முதல் மூன்று பக்கமும் கலந்திருக்கும். ஒரு கைநாட்டும் பொருந்தாது. முழுவதும் புதுசு என்று எடுத்து வைத்துவிடுவார்.

அதற்குப் பதிலாக, 'திருச்சிற்றம்பலம்' என்ற சொல் எங்கே வருகிறதோ அங்கே வெட்டு என்று சொல்லிப் பாருங்கள். பதிகம் தொடங்கும்போதும் முடியும்போதும் அந்தச் சொல் வரும். முன்னால் ஒரு பக்கம் கூடட்டும், ஐந்து பக்கம் கூடட்டும், வெட்டு விழும் இடம் பதிகத்தோடு சேர்ந்தே நகரும். தேவாரத் துண்டுகள் அச்சொட்டாகப் பழையவையாகவே வரும்.

கொம்பியூட்டருக்குத் திருச்சிற்றம்பலம் தெரியாது. அது தரவின் மேல் ஒரு சின்னச் சாளரத்தை நகர்த்திக்கொண்டே போய், சாளரத்துக்குள் தெரியும் எண்களை வைத்து ஒரு கணக்குப் போடும். விடை முன்பே தீர்மானித்த ஒரு வடிவில் வந்தால் அந்த இடத்தில் வெட்டு. வெட்டும் இடத்தை உள்ளடக்கமே தீர்மானிக்கிறது. இப்படி வெட்டும் துண்டுகள் சராசரியாகச் சில கிலோபைட்டிலிருந்து ஓரிரு மெகாபைட் வரை இருக்கும். காசு கொடுத்து வாங்கும் பெட்டிகள் மட்டுமல்ல, இலவசமாகக் கிடைக்கும் ரெஸ்டிக், போர்க் போன்ற மென்பொருள்களும் இப்படித்தான் வெட்டுகின்றன.

சுருக்கமாக: துண்டாக வெட்டு, கைநாட்டு எடு, இல்லாததை மட்டும் வை, மற்றதற்குச் சீட்டெழுது. டீடூப் அவ்வளவுதான்.

அந்த 30 மடங்கு

அச்சகத்தில் 500 ஜிகாபைட் இருக்கிறது, கிழமைக்கு நூற்றுக்கு ஒன்று, அதாவது 5 ஜிகாபைட், மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கு வெள்ளி முழுக் கொப்பி எடுத்து ஒரு வருடம் வைத்திருந்தால் 52 கொப்பி, 26 டெராபைட். டீடூப் பெட்டியில் முதல் வாரம் 500, மிச்ச 51 வாரமும் ஐந்தைந்து: மொத்தம் 755 ஜிகாபைட். 26,000ஐ 755ஆல் பிரியுங்கள். ஏறத்தாழ 34 மடங்கு.

அதே அச்சகம், அதே பெட்டி, இரண்டே இரண்டு வாரப் பேக்கப் மட்டும் வைத்தால்? 1000க்கு 505. இரண்டு மடங்கு!

ஆக, 30 மடங்கு என்பது பெட்டியின் திறமை மட்டுமல்ல, எத்தனை பழைய நாட்களை நீங்கள் வைத்திருக்கிறீர்கள் என்பதன் விளைவும்கூட. நீண்டகாலப் பேக்கப்புக்கும் டீடூப்புக்கும் பொருத்தம் பார்த்ததுபோல் அமைவது இதனால்தான். டேட்டா டொமெய்ன் என்ற நிறுவனம் 2001இல் தொடங்கியதே, காந்த நாடாவில் வருடக்கணக்கில் வைத்ததை டிஸ்க்கில் கட்டுப்படியாகும் விலையில் வைக்கத்தான். 2009இல் இஎம்சி என்ற தரவுச் சேமிப்பு நிறுவனம் அதை ஏறத்தாழ 2.1 பில்லியன் டொலருக்கு வாங்கியது.

வேலை செய்யாத இடங்களும் உண்டு. கமராவிலிருந்து வரும் ஜேபெக் படங்கள், கலியாண வீடியோக்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. இரண்டு படங்கள் எங்கள் கண்ணுக்கு எவ்வளவு ஒத்திருந்தாலும் உள்ளே எண்கள் வேறு. அதே படத்தை இரண்டாம் முறை பேக்கப் எடுத்தால்தான் மிச்சம் வரும். நான் சொன்ன தேவாரப் பக்கங்களும், நேர்மையாகச் சொன்னால், பிடிஎவ் ஆக்கிச் சுருக்கிய கோப்பில் அவ்வளவு வடிவாகப் பொருந்தாது. உதாரணம் விளங்குவதற்காகச் சொன்னேன். உண்மையான மிச்சம் அதே கோப்பை வாராவாரம் எடுப்பதில்தான்.

இரகசியக் குறியீடாக்கம் செய்த, அதாவது கடவுச்சொல் இல்லாமல் வாசிக்க முடியாதபடி பூட்டிய கோப்புகளும் அப்படியே. ஒவ்வொரு முறையும் புதிதாகப் பூட்டிக் கொண்டுவந்தால் பெட்டிக்கு எல்லாமே புதுசுதான். அதனால் முதலில் டீடூப், பிறகு பூட்டு. இதிலிருந்து ஒரு உபயோகமும் இருக்கிறது. வாரம் 5 ஜிகாபைட் ஏறுகிற இடத்தில் ஒரு வெள்ளி 400 ஏறினால் உடனே கொம்பியூட்டரைப் போய்ப் பாருங்கள். யாரோ கோப்புகளையெல்லாம் பூட்டிப் பணம் கேட்கப் போகிறார்கள் என்பதற்கு அது முதல் அறிகுறியாக இருக்கலாம்.

மிச்சம் பிடித்ததன் மறுபக்கம்

நூறு கல்வெட்டுக்கும் ஒரே தேவாரப் பக்கம் என்றோம். அந்தத் தட்டைக் கறையான் அரித்தால்?

நூறு புத்தகமும் ஊனம். டீடூப் பெட்டிக்குள் 52 வாரப் பேக்கப் இருப்பதாகத் திரை காட்டும். ஆனால் மாறாத துண்டுகளைப் பொறுத்தவரை அங்கே இருப்பது ஒரு பிரதி. 'ஒரு வருடத்துக்கு 52 பிரதி வைத்திருக்கிறோம்' என்று யாராவது சொன்னால் அவரைத் திருத்துங்கள். 52 சீட்டு வைத்திருக்கிறார், அவ்வளவுதான். நல்ல பெட்டிகள் துண்டுகளை அடிக்கடி வாசித்துக் கைநாட்டைச் சரிபார்க்கும், ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும். பெட்டியே தண்ணீரில் கிடந்தாலோ, அதன் கடவுச்சொல் வேறொருவர் கையில் போனாலோ தாங்காது.

2023 ஓகஸ்டில் இலங்கை அரச கிளவுட்டின் மேல் நடந்த தாக்குதல் நினைவிருக்கும். அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ ஐயாயிரம் பாதிக்கப்பட்டன. அந்த வருடம் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களை மீட்க முடியவில்லை. அந்த மூன்று மாதத்துக்குக் கைக்கெட்டும் பேக்கப் இருக்கவில்லை. கிளவுட் என்ற பெயர் இருந்தது.

பனங்கிழங்கு, புழுக்கொடியல், ஒடியல்

ஆகவே இரண்டாம் பிரதி வேறிடத்தில் வேண்டும். கிளவுட் அடுக்குகளுக்கு வேலை இங்கேதான்.

கிளவுட் என்பது மற்றவருடைய டிஸ்க்குகள் நிறைந்த கட்டடம், வாடகை மாதாமாதம். வாடகை எல்லா அறைக்கும் ஒன்றல்ல. எவ்வளவு அவசரமாகத் திரும்ப வேண்டும் என்பதைப் பொறுத்து அறைகள் பிரியும். அதைத்தான் அடுக்கு என்கிறார்கள்.

மாரியில் கிண்டிய கிழங்கை அவித்து உடனே சாப்பிடலாம், ஆனால் வைத்திருக்க முடியாது. அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் மாதக்கணக்கில் பேணியில் கிடக்கும். தேங்காய்ச் சொட்டோடு அப்படியே கடிக்கலாம், பல்லுக்குத்தான் கொஞ்சம் வேலை. அவிக்காமல் காயவைத்த ஒடியல் இன்னும் நாள் கிடக்கும், இடமும் குறைவு. ஆனால் பசிக்கிறதென்று பேணியைத் திறந்து சாப்பிட முடியாது. இடிக்கவேண்டும், அரிக்கவேண்டும், மாவை ஊறவிட்டுக் கயர்ப்பெடுக்கவேண்டும், பிறகுதான் கூழ்.

கிளவுட்டில் சூடான அடுக்கு நினைத்தவுடன் திறக்கும், வாடகை கூட. நடு அடுக்குகளில் வாடகை குறைவு, எடுக்கும்போது கட்டணம். அடிமட்டத்தில் இருக்கும் ஆவண அடுக்குதான் ஒடியல். அமேசானின் டீப் ஆர்க்கைவ் 2019இல் வந்தது. அதில் வைத்ததைக் கேட்டால் சாதாரண வழியில் 12 மணித்தியாலம் வரை, மலிவான வழியில் 48 மணித்தியாலம் வரை எடுக்கும். மைக்ரோசொப்ட் அஷூரின் ஆவண அடுக்கில் 15 மணித்தியாலம் வரை. கூகிளின் ஆவண அடுக்கு உடனே திறக்கும், எடுக்கும் அளவுக்கு ஏற்றபடி கட்டணம் கறக்கும். குறைந்தபட்சத் தங்கல் என்றும் ஒன்று உண்டு: அமேசானிலும் அஷூரிலும் 180 நாள், கூகிளில் 365 நாள். பத்தாம் நாளே அழித்தாலும் முழு வாடகையும் கட்டவேண்டும்.

கணக்கைப் பாருங்கள். அமெரிக்கப் பிராந்தியப் பட்டியல் விலையில் 700 ஜிகாபைட்டை அமேசானின் சாதாரண அடுக்கில் வைக்க மாதம் ஏறத்தாழ 16 டொலர். டீப் ஆர்க்கைவில் 70 சதம். அண்ணைக்கு யாரோ சொன்ன ஒரு டொலர் கதை இதுதான், உண்மைதான்.

சொல்லாமல் விட்ட பாதி: ஒருநாள் பெட்டி போய், 500 ஜிகாபைட்டைத் திருப்பி இறக்கவேண்டி வருகிறது. மாதம் முதல் 100 ஜிகாபைட் இலவசம், மிச்சம் 400க்கும் ஜிகாபைட்டுக்கு 9 சதம் வீதம் 36 டொலர். நாலு வருடத்துக்கு மேலான வாடகை ஒரே இறக்கலில். அடுக்கிலிருந்து எடுக்கும் கட்டணம் தனி. 20 மெகாபிட் இணைப்பில் இறங்கி முடிய இரண்டு நாளுக்கு மேல், அதுவும் கரண்ட் நிற்காவிட்டால். 36 டொலர் ஒரு தொழிலைக் காப்பாற்றப் பெரிய காசில்லை. ஆனால் அதைத் தெரிந்துகொண்டு வையுங்கள்.

இதுவரை: ஆவண அடுக்கில் வைப்பது மலிவு. எடுப்பது மலிவுமல்ல, விரைவுமல்ல.

இரண்டையும் பொருத்தும்போது

வழக்கமான ஏற்பாடு இது. அண்மைப் பேக்கப் கடையிலுள்ள டீடூப் பெட்டியில், மூன்று மாதத்துக்கு மேற்பட்டவை கிளவுட்டின் ஆவண அடுக்கில். நாளாந்தத் தவறுகளுக்குப் பெட்டி போதும். 'மகன் பார்த்த இறுதி' நேற்று அழிந்தால் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும்.

இங்கேதான் எல்லாரும் ஏமாறுவார்கள். 52இல் பழைய 39 வாரத்தை அனுப்பினால் பெட்டியில் 39 தரம் 500, அதாவது 19.5 டெராபைட் காலியாகும் என்று எதிர்பார்ப்பார்கள். காலியாவது 195 ஜிகாபைட். மாறாத துண்டுகளை மிஞ்சிய 13 வாரத்தின் சீட்டுகளும் சுட்டிக்கொண்டிருப்பதால் பெட்டி அவற்றை விடாது. கிளவுட் பக்கமோ தன் காலில் நிற்கவேண்டும். அதனால் 500உம் 38 வார மாற்றங்களும் சேர்ந்து 690 ஜிகாபைட் அங்கே ஏறும். ஒரே துண்டு இரண்டு இடத்திலும்!

டீடூப் வாங்கியதே இரட்டிப்பை ஒழிக்கத்தானே என்று கோபப்படாதீர்கள். ஒரு பெட்டிக்குள் இரட்டிப்பு வீண். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இரட்டிப்புக்குத்தான் காசு கொடுக்கிறோம். மேலே சொன்ன கறையான் கேள்விக்குப் பதில் இந்த 690 ஜிகாபைட்தான். சில மென்பொருளில் பெட்டியிலும் கிளவுட்டிலும் துண்டுகளைப் பகிர்ந்து வைத்து இந்த 'வீண்' இடத்தையும் மிச்சம் பிடிக்கும் தெரிவு இருக்கும். இரண்டாம் பிரதிக்காகத்தான் கிளவுட்டுக்குப் போகிறீர்கள் என்றால் அதைத் தொடாதீர்கள்.

ஏற்றும் நேரத்தில் டீடூப் கைகொடுக்கும். 10 மெகாபிட் ஏற்ற வேகத்தில் முதல் 690 ஜிகாபைட் ஏற ஆறு நாளுக்கு மேல் ஆகும். அதன்பிறகு வாரம் ஐந்தே ஜிகாபைட், ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல்.

அட்டவணை முக்கியமாகும் என்றேனே. எனக்குத் தெரிந்த ஒரு அலுவலகத்தில், '30 நாள் கடந்ததையெல்லாம் ஆவண அடுக்குக்குத் தள்ளு' என்று ஒரு விதி எழுதி வைத்தார்கள். மென்பொருளின் அட்டவணைக் கோப்புகளும் 30 நாள் கடந்தவைதான்; அவையும் போயின. பிறகு ஒரு கடிதத்தைத் தேடியபோது, துண்டுகளைக் கட்டிவைத்த எந்த மூட்டையில் அது இருக்கிறது என்று பார்ப்பதற்கே பன்னிரண்டு மணித்தியாலம் காத்திருந்தார்கள். அடுத்த நாள் மூட்டைக்காக இன்னொரு பன்னிரண்டு. அட்டவணை சூடான அடுக்கிலும் கடைப் பெட்டியிலும் இருக்கவேண்டும். துண்டு மூட்டைகள் மட்டும் ஒடியல் பேணிக்குள் போகலாம். பூட்டியிருந்தால் திறப்புச் சொல் கடைக்கு வெளியே காகிதத்தில் இருக்கட்டும்.

அண்ணையின் கல்வெட்டு

அண்ணையின் கடையில் இந்த ஏற்பாட்டைப் பொருத்தி முடித்துச் சில மாதம் கழித்து, "ஒரு பழைய வேலையைச் சொல்லுங்கோ அண்ணை, எடுத்துப் பாப்பம்" என்றேன். திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர் 2016இல் அடித்த ஒரு கல்வெட்டைச் சொன்னார். பின்னேரம் கேட்டுவிட்டு வந்தோம், காலையில் மூட்டை தயார். இறக்கி, கைநாட்டுச் சரிபார்த்து, கோப்பைத் திறந்தேன். படங்கள் எல்லாம் இருந்தன. தேவாரம் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு குப்பை.

அண்ணை கண்ணாடியைப் போட்டு ஒருதரம் பார்த்தார். "இது பாமினி தம்பி. அந்தப் பழைய கொம்பியூட்டரில கிடந்த எழுத்துரு. புதுசுக்கு ஏத்தேல்லை."

பழைய கொம்பியூட்டர் மேல்மாடியில் சீலை போர்த்தியபடி இருந்தது. ஏறிப்போய் அதன் எழுத்துருக்களையெல்லாம் பென்டிரைவில் எடுத்துவந்து, பேக்கப் பட்டியலில் முதல் வரியாக அந்த ஃபோல்டரைச் சேர்த்தோம். அளவு 40 மெகாபைட்கூட வரவில்லை.